சைடர் கெட்டுப்போச்சா, இல்லை அதன் குணமே அப்படியா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

போன நவம்பரில் லண்டனில் இருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி. உள்ளே பழுப்பு நிறத்தில் ஆப்பிள் சாறு. மேலே, ஆறிய பாலில் படிவது போல வெள்ளையாக ஓர் ஆடை. "அண்ணா, ரெண்டு மாசமா வச்சிருக்கேன். கொட்டிடவா?" நான் கேட்டது ஒன்றுதான்: "மோந்து பாத்தியா?" பார்க்கவில்லையாம். படம் எடுக்கத் தோன்றியவனுக்கு மூக்கைக் கொண்டுபோகத் தோன்றவில்லை.

அந்த ஜாடி பிழைத்துக்கொண்டது. அவனுக்கு அன்று துண்டு துண்டாகத் தட்டச்சு செய்து அனுப்பியதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

சைடர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வெந்நீரில் கலந்து குடிக்கும் ஆப்பிள் சைடர் வினிகர். அது சைடர் காற்றுப் பட்டு முழுக்கக் காடியான பிறகு வருவது. நான் சொல்வது அதற்கு முந்தைய நிலை: ஆப்பிள் சாறு நொதித்து, 5 முதல் 7 சதவீதம் ஆல்கஹாலோடு நிற்கும் பானம். அதையே காய்ச்சி வடித்து மரப்பீப்பாயில் வைத்தால் ஆப்பிள் பிராந்தி. பிரான்சின் நார்மண்டியில் விதிப்படி செய்தால் அதற்குக் கால்வடோஸ் என்று பெயர். நான் இருப்பது இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட்ஷையரில். இங்கே சொந்தக் குடிக்காக வீட்டில் சைடர் போட அனுமதி எதுவும் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், அங்கே சட்டம் வேறு.

ஒன்பது வருடமாகப் போடுகிறேன். அதில் மூன்று வருடச் சரக்கைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்று கெட்டே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பிழை என்று நினைத்ததை வேறு ஊரில் வேண்டுமென்றே செய்கிறார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இதுவே எங்கே சரக்கின் குணம் என்பதையும் தெரிந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எதையும் செய்வதற்கு முன் அளந்து பாருங்கள்

இரண்டு பொருள் வேண்டும். ஒன்று ஹைட்ரோமீட்டர், சாற்றில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழல். தண்ணீரில் 1.000 காட்டும். புதுச் சாறு பெரும்பாலும் 1.045-க்கும் 1.060-க்கும் நடுவில் நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். 1.050-இல் தொடங்கி 1.000-க்கு வந்தால் சுமார் 6.5 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பி.எச். பார்க்கும் காகிதப் பட்டை. பி.எச். என்பது அமிலத்தின் அளவைச் சொல்லும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம். நாக்கில் புளிப்பு தெரிகிறதே, பிறகு எதற்கு என்று முதல் மூன்று வருடம் நானும் வாங்கவில்லை. பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. 3.2 முதல் 3.8 வரை பயமில்லை. 3.8-ஐத் தாண்டினால் பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

எண் ஏன் இப்படி மாறுகிறது என்றால், ஆப்பிளில் அத்தனை வகை. பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கர் என்பவர் 1903-இல் சைடர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தார்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பினிப்பு, துவர்ப்புளிப்பு. அமிலம் 0.45 சதவீதம், துவர்ப்பு 0.2 சதவீதம், இவை இரண்டும்தான் எல்லைக் கோடு. கிங்ஸ்டன் பிளாக் துவர்ப்புளிப்பு. டாபினெட் துவர்ப்பினிப்பு, அதன் சாறு தனியாக இருந்தால் பி.எச். 4-ஐ ஒட்டிப் போய்விடும். சமையலுக்கு வாங்கும் பிராம்லி வெறும் புளிப்பு. தோட்டத்தில் ஒரே மரம்தான் என்றால் உங்கள் தொல்லை என்னவாக இருக்கும் என்று அந்த மரத்தின் பெயரைக் கேட்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு வாரமாகியும் குமிழியே வரவில்லை

முதலில் மூடியைப் பாருங்கள். ஏர்லாக், அதாவது உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு, சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்றுப் போனால் உள்ளே நன்றாக நொதித்தாலும் குமிழி தெரியாது. ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் போய்த் தூங்கலாம்.

இறங்கவில்லை என்றால் குளிர் காரணமாக இருக்கலாம். அக்டோபர் கடைசியில் பிழிந்து வெளிக் கொட்டகையில் வைத்தால் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். வீட்டுக்குள் 15 டிகிரி அளவில் இரண்டு மூன்று நாள் வைத்தால் எழுந்துவிடும்.

மூன்றாவது காரணம் கேம்டன் மாத்திரை. சாற்றில் இருக்கும் வேண்டாத கிருமிகளை அடக்கப் போடும் சல்ஃபைட் மாத்திரை அது. 4.5 லிட்டருக்கு ஒன்று போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கு. பி.எச். 3.0 முதல் 3.3 வரை ஒன்று போதும். 3.5 வரை இரண்டு, 3.8 வரை மூன்று. அதற்கு மேல் என்றால் முதலில் மாலிக் அமிலம் சேர்த்தோ புளிப்புச் சாறு கலந்தோ எண்ணை இறக்க வேண்டும், அப்புறம்தான் மாத்திரை. பலர் மாத்திரையையும் ஈஸ்ட்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈஸ்ட்டுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஓடச் சொன்ன கதை. ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

பாதியில் நின்றுவிட்டது, எண் 1.015-ஐ விட்டு நகரவில்லை

உரம் போடாத பழைய பெரிய மரங்களின் சாற்றில் நைட்ரஜன் குறைவு. ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு தீர்ந்துவிடுகிறது. கடையில் ஈஸ்ட் சத்து என்று விற்பது டைஅமோனியம் பாஸ்பேட். அதை லிட்டருக்குக் கால் கிராமுக்கு மேல் போகாமல் கரைத்து ஊற்றி, கொஞ்சம் சூடான இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் மறுபடி ஓடும்.

ஆனால் ஓட வைக்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் அநியாயமாகச் சாக்கடையில் ஊற்றினேன் என்றேனே, அது இதுதான். இனிப்பாக, லேசான நுரையோடு, ஆல்கஹால் குறைவாக நின்றுபோன 20 லிட்டர். நார்மண்டியிலும் பிரான்சின் பிரித்தானி (Brittany) பகுதியிலும் இதற்காகத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள். அங்கே பிழிந்த சாற்றைக் குளிரில் வைத்து, பழத்தில் உள்ள பெக்டின் கால்சியத்தோடு சேர்ந்து கட்டியாகும்படி விடுவார்கள். நொதித்தல் லேசாகத் தொடங்கும்போது வரும் குமிழிகள் அந்தக் கட்டியை மேலே தூக்கும். ஜாடியின் கழுத்தில் பழுப்பாக, களி மாதிரி ஒரு மூடி மிதக்கும். அதைப் பழுப்புத் தொப்பி என்பார்கள். அந்தக் களியும் அடியில் படியும் மண்டியும் நைட்ரஜனில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் தெளிந்த சாற்றை மட்டும் குழாய் போட்டு இறக்கினால், ஈஸ்ட் அரைவயிற்றோடு மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்து சர்க்கரையை மிச்சம் வைத்துவிட்டு நின்றுவிடும். பிரான்சில் 'சீத்ர தூ' என்று விற்கும் இனிப்புச் சைடரில் ஆல்கஹால் 3 சதவீதத்தைத் தாண்டாது.

அதனால் உங்கள் ஜாடியில் பழுப்புக் களி மிதந்தால் பூசணம் என்று அள்ளி எறியாதீர்கள். அதிர்ஷ்டம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. களி உடைந்து கீழே விழுவதற்குள் நடுச்சாற்றை இறக்கிவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

ஹைட்ரஜன் சல்ஃபைடு. பசியில் இருக்கும் ஈஸ்ட் போடும் சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் கந்தக மருந்து அடித்த பழமாக இருந்தாலும் வரும். நொதித்தல் நடக்கும்போதே வந்தால் மேலே சொன்ன ஈஸ்ட் சத்தைக் கொஞ்சம் கொடுங்கள். பெரும்பாலும் தானே போய்விடும்.

முடிந்த பிறகும் இருந்தால், மண்டியை விட்டு வேறு ஜாடிக்குச் சலசலவென்று விழும்படி மாற்றுங்கள். காற்றுப் படக் கூடாது என்று வேறு எல்லா இடத்திலும் சொல்வேன், இங்கே மட்டும் விதிவிலக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் பளபளவென்று தேய்த்த செம்புக் குழாய்த் துண்டால் சில நிமிடம் கிளறிவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே போட்டு வைக்காதீர்கள். செம்பு அதிகம் கரைந்தால் அது வேறு வினை. பிராந்தி காய்ச்சும் வாலைகள் செம்பில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், கந்தக வாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும்.

மேலே வெள்ளை ஆடை

தம்பியின் ஜாடி. ஆடையைப் பிறகு பாருங்கள், முதலில் மூக்கு. மோந்ததில் ஆப்பிள் வாசமோ லேசான ஈஸ்ட் வாசமோ வந்தால் அது காற்றில் வாழும் ஆடை ஈஸ்ட். ஜாடியின் கழுத்துக்கும் சாற்றுக்கும் நடுவில் இடம் விட்டிருப்பீர்கள். நொதிக்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடு அந்த இடத்தை நிரப்பிக் காவல் காக்கும். நொதித்தல் நின்றதும் காவலும் போச்சு.

ஆடையைக் கலக்காமல், அதற்குக் கீழே குழாய் விட்டு நல்ல சைடரை வேறு ஜாடிக்கு இறக்குங்கள். 4.5 லிட்டருக்கு ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்துப் போடுங்கள். கழுத்து வரை நிரப்புங்கள். நிரப்ப வேறு சைடர் இல்லையா? கோலிக்குண்டு இருக்கிறதா பாருங்கள். கொதிநீரில் போட்டு எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டால் மட்டம் ஏறிவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை, தம்பி அன்று அறுபது குண்டு வாங்கினான்.

காடி வாடை, அல்லது நகப்பாலிஷ் நெடி

இதற்கு மருந்து இல்லை. அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலைக் காற்றின் துணையோடு அசிட்டிக் அமிலமாக்கிவிட்டது. நகப்பாலிஷ் நெடி அடித்தால் எத்தில் அசிடேட். மற்ற ஜாடிகளைக் காப்பாற்றுங்கள்: அதே குழாயையும் புனலையும் கழுவாமல் அடுத்ததில் விடாதீர்கள். லேசாகத்தான் என்றால் மாத்திரை போட்டு, காற்றை அடைத்து, சீக்கிரம் குடித்துத் தீர்க்கலாம். முற்றிவிட்டது என்றால் அதைக் காடியாகவே முழுதாக ஆகவிடுங்கள். ஊறுகாய்க்கு ஆகும்.

ஆனால் "லேசாக" என்பது ஊருக்கு ஊர் மாறும். வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் இயற்கைச் சைடர் என்று கொடுப்பதில் கொஞ்சம் காடித் தன்மை இருக்கும், அதுதான் அதன் குணம். அதில் நுரை குறைவு. ஊற்றுபவர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த அகலக் கண்ணாடிக் குவளையின் விளிம்பில் விழும்படி ஒரு நூலாக ஊற்றுவார். கண் குவளையைப் பார்க்காது. ஒரு மடக்கு அளவுதான் விழும், அது பொங்கியிருக்கும்போதே குடித்துவிட வேண்டும், கடைசிச் சொட்டை விளிம்பு கழுவக் கீழே ஊற்ற வேண்டும். நம்மூர் டீ ஆற்றுபவரைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் தோன்றாது. அஸ்தூரியாவின் இந்தச் சைடர் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்தது. அதே சைடரை ஹெரிஃபர்ட்ஷையரில் ஒரு போட்டிக்கு வைத்தால் முதல் சுற்றிலேயே வெளியே வைத்துவிடுவார்கள்.

எண்ணெய் போல ஒழுகுகிறது, நூல் விடுகிறது

ஊசிப்போன சாம்பாரைக் கரண்டியில் தூக்கினால் வருமே, அதே இழுவை. ஊற்றும்போது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழும். பார்க்கக் குமட்டும். இருந்தாலும் சுவைத்தால் சுவை பெரிதாக மாறியிருக்காது. சில லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரையை நீளச் சங்கிலிகளாகக் கோத்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

பெரிய பாத்திரத்தில் ஊற்றி, மோர் கடைவது போல மத்தாலோ சுத்தமான துடுப்பாலோ நன்றாக அடித்து அந்தச் சங்கிலிகளை அறுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கில், அதாவது 4.5 லிட்டருக்கு இரண்டு மாத்திரை போட்டு மூடி வையுங்கள். மண்டி படிந்ததும் மாற்றுங்கள். நான் ஒருமுறை செய்தேன், நன்றாகவே வந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னால் மட்டும் அடிக்காதீர்கள், அப்புறம் ஒருவரும் குடிக்க மாட்டார்கள்.

தெளியவே மாட்டேன் என்கிறது

வசந்தம் வரைக்கும் பொறுத்தீர்களா? இல்லை என்றால் பொறுங்கள். பொறுத்தும் கலங்கல் என்றால் காரணம் மூன்றில் ஒன்று.

பெக்டினா என்று பார்க்க ஒரு பங்கு சைடரில் நான்கு பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சளி போலத் திரித்திரியாகக் கட்டினால் பெக்டின்தான். பார்த்ததும் கொட்டிவிடுங்கள், அது விஷம். இதற்குப் பெக்டின் கரைக்கும் நொதி கடையில் கிடைக்கும். பிழிந்த அன்றே போட்டால் ஒரே இரவில் வேலை செய்யும், ஆல்கஹால் வந்த பிறகு போட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

பழுக்காத காயைப் பிழிந்திருந்தால் மாவுச்சத்து. ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக்கறுப்பாகும். அடுத்த வருடம் பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் குழியும்வரை குவித்துப் போட்டு வைத்துவிட்டு அப்புறம் அரையுங்கள்.

மூன்றாவது, மிதக்கும் ஈஸ்ட். அதற்குக் குளிரும் பொறுமையும் போதும். ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் ஸ்பியர்லிங் என்ற மரத்தின் துவர்ப்பான சிறு பழங்களைப் பிழிந்து ஆப்பிள் மதுவில் கொஞ்சம் சேர்ப்பார்கள். துவர்ப்பு கலங்கலைப் பிடித்துக் கீழே இழுக்கும். தேத்தாங்கொட்டையை உரசிக் குடிநீர் தெளிய வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றபடி, கலங்கல் சைடரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில் ஸ்க்ரம்பி என்று கலங்கலாகவே விற்கிறார்கள், அதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

வாழைப்பழத்தோல் வாசம், பால் கலந்தது போன்ற வெண்மை

முடிந்துவிட்டது என்று நினைத்த இனிப்புச் சைடர் திடீரென்று வெறிபிடித்தது போலப் பொங்கும். பிறகு வெளுக்கும். சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா. பி.எச். 3.7-க்குக் கீழே அதனால் தலைதூக்க முடியாது, அதனால் டாபினெட் மாதிரிப் புளிப்பில்லாத வகைகளை மட்டும் பிழிந்தவர்களிடம்தான் வரும். வந்தபின் செய்ய எதுவும் இல்லை. வராமல் இருக்கப் பிழியும் அன்றே புளிப்பு ஆப்பிள் கலக்க வேண்டும்.

குடித்த பிறகு தொண்டையில் எலிக்கூண்டு வாடை

மோந்தால் ஒன்றுமில்லை. வாயில் வைத்தாலும் ஒன்றுமில்லை. விழுங்கி ஐந்து பத்து விநாடி கழித்து அடித்தொண்டையில் இருந்து கிளம்பும். சைடரின் அமிலத்தில் அந்த வேதிப்பொருள்கள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கின்றன. எச்சில் பட்டு அமிலம் குறைந்ததும் எழுகின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி சைடரில் சிட்டிகை சமையல் சோடா போட்டு மோந்து பாருங்கள். சிலருக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வாடையைத் தரும் பொருள்களில் ஒன்று 2-அசிடைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசி வேகும்போது வரும் வாசமும், இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலையின் வாசமும் அதேதான். சோற்றில் மணக்கிறது, சைடரில் எலியாகிறது. என் மனைவி முதலில் குடித்துவிட்டு, "பிரியாணிச் சட்டி கழுவின தண்ணி மாதிரி இருக்கே" என்றாள். சொல்லகராதியில் இல்லாவிட்டாலும் சரியான விவரிப்பு.

மருந்து கிடையாது. காற்றும், சல்ஃபைட் போடாத சோம்பலும்தான் காரணம். கலந்து மறைத்துவிடலாம் என்று நல்ல சரக்கில் ஊற்றாதீர்கள், மொத்தமும் எலியாகும்.

கறுத்துப் போகிறது

வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணையைப் பார்த்திருப்பீர்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. எங்கேயோ துருப்பிடித்த திருகோ வாளியோ சாற்றைத் தொட்டிருக்கிறது. பிழியும் கருவியில் இரும்பு தெரியும் இடமெல்லாம் உணவுக்கு உகந்த பெயின்ட் அடியுங்கள். சைடரில் உலோகச் சுவை இருந்தால் குடிக்காதீர்கள்.

உலோக விஷயத்தில் மட்டும் இது இந்த ஊர்ப் பழக்கம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சைடர் குடித்தவர்களுக்குக் கொடிய வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வந்தன. டெவன் சூலை என்று பெயர் வைத்து, சைடரின் புளிப்புதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-இல் அந்தச் சைடரில் ஈயம் இருப்பதைச் சோதித்துக் காட்டினார். பிழியும் கல்தொட்டிகளின் இணைப்புகளில் ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். பழைய மண்சட்டி, பழைய மெருகு பூசிய ஜாடி இவற்றில் சைடர் வைக்காதீர்கள் என்று இன்றும் சொல்வது இதனால்தான்.

பாட்டில் வெடித்தது

என் மாடிப்படிக்கடியில் ஒரு ஜூன் இரவு மூன்று பாட்டில் வெடித்தன. கண்ணாடித் துண்டு மரக்கதவில் குத்திக்கொண்டு நின்றது. 1.012-இல் பாட்டிலில் அடைத்திருந்தேன், "நின்றுவிட்டதே" என்ற தைரியத்தில். அடர்த்தி எண்ணில் ஒரு புள்ளி (0.001) இறங்கினால், சைடரின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி அளவு வாயு பிறக்கும். சாதாரணப் பீர் பாட்டில் உள்ளே இருக்கும் சைடரைப் போல மூன்று மடங்கு கொள்ளளவு வாயுவைத் தாங்குவதே பெரிது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நுரை வேண்டும் என்றால் 1.000 வரை இறக்கி, இரண்டு வாரம் எண் அசையாமல் இருக்கிறதா பார்த்து, லிட்டருக்கு 5 அல்லது 6 கிராம் சர்க்கரை போட்டு அடையுங்கள். ஏற்கெனவே அடைத்தவற்றில் ஒன்று பீய்ச்சினால் மற்றவற்றை அப்படியே தூக்காதீர்கள். கண்ணாடி அணிந்து, தடித்த துணி போர்த்தி, குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

பாட்டிலில் சர்க்கரை போட்டு நுரை வரவழைப்பது ஷாம்பெயின்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கிறிஸ்டோபர் மெரெட் என்ற இங்கிலாந்துக்காரர் 1662-இலேயே மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதை ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரையில் எழுதியிருக்கிறார். நிலக்கரி உலையில் செய்த தடித்த கண்ணாடி அப்போது இங்கே வந்துவிட்டது, அதனால் பாட்டில் தாங்கியது. ஹெரிஃபர்ட்ஷையர்ப் பக்கம் அதில் அடைத்தது சைடர். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இதில்தான் தொடங்குவார், முடிக்க மாட்டார்.

கெட்ட சைடரைக் காய்ச்சி பிராந்தி ஆக்கிவிடலாமா?

வருடம் தவறாமல் வரும் கேள்வி. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் ஒரு கோப்பை வடித்தாலும் குற்றம். அதை விடுங்கள், காய்ச்சினாலும் உதவாது. வாலையில் ஆல்கஹால் மட்டும் ஏறுவதில்லை, ஆவியாகும் வாடைகளும் கூடவே ஏறும். காடியும் நகப்பாலிஷும் உள்ளே போனால் பல மடங்கு செறிந்து வெளியே வரும்.

கால்வடோஸ்காரர்கள் அஞ்சும் ஒரு பிழை சைடராக இருக்கும்வரை கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாதது. சில லாக்டிக் பாக்டீரியாக்கள் சைடரில் உள்ள கிளிசராலை உடைத்து ஒரு பொருளை விட்டுவைக்கும். காய்ச்சும் சூட்டில் அது அக்ரோலின் ஆகிவிடும். எண்ணெய் தீய்ந்த புகை கண்ணைக் கரிக்குமே, அந்தப் பொருள்தான். நல்ல சைடர் என்று நினைத்து வாலையில் ஏற்றியபின் நிற்பவர் கண்ணில் நீர் கொட்டும். சல்ஃபைட் போட்டு அந்த பாக்டீரியாவை அடக்கலாமே என்றால் அதுவும் ஆகாது, கந்தகம் பிராந்திக்குள் வந்துவிடும். சுத்தம், குளிர், சரியான பழக்கலவை, இவற்றை நம்பித்தான் அவர்கள் சைடர் போட வேண்டியிருக்கிறது.

நார்மண்டியில் காய்ச்சியதற்குப் பழைய சான்று 1553-இல் ஜில் த கூபெர்வில் என்ற நிலக்கிழாரின் நாட்குறிப்பு. பேய் தோஜ் பகுதிக் கால்வடோஸுக்கு 1942-இல் சட்டப் பெயர்ப் பாதுகாப்பு வந்தது, அங்கே இரண்டு முறை வடிக்க வேண்டும். தோம்ஃப்ரோன் பகுதியில் ஒரே ஓட்டமாகத் தூண்வாலையில் வடிப்பார்கள், பேரிக்காய் குறைந்தது 30 சதவீதம் சேர வேண்டும். பொதுவாக ஓக் பீப்பாயில் இரண்டு வருடம், தோம்ஃப்ரோனில் மூன்று. சொந்தப் பழத்தை வரியில்லாமல் காய்ச்சும் உரிமை கிராமக் குடும்பங்களில் சொத்து போலப் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1960-இல் அரசு அந்த வாரிசு உரிமையை நிறுத்தியது. நம் பக்கத்தில் சாமர்செட்டின் சைடர் பிராந்திக்குப் பெயர்ப் பாதுகாப்பு 2011-இல்தான் கிடைத்தது.

இன்னும் சிலர், "காய்ச்ச வேண்டாம், ஃப்ரீசரில் வைத்து ஐஸை எடுத்துவிட்டால் செறிந்துவிடுமே" என்பார்கள். அமெரிக்காவின் பழைய ஆப்பிள்ஜாக் அப்படித்தான் தொடங்கியது. வாலையில் வடிப்பவர் முதலில் வடியும் பகுதியையும் கடைசியில் வடியும் பகுதியையும் ஒதுக்கி நடுவை எடுப்பார். ஐஸ் எடுத்தால் தண்ணீர் மட்டும்தான் குறையும். ஆப்பிளின் பெக்டினில் இருந்து வரும் மெத்தனாலும் தலைவலி தரும் மற்றவையும் அப்படியே உள்ளே இருந்து செறியும்.

எல்லாம் முடிந்து தெளிந்த சைடர் மே மாதம் மறுபடி குமிழ்விடுகிறது

ஆப்பிள் பூக்கும்போது பீப்பாயில் சைடருக்கும் நினைவு வருகிறது என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். வெயில் ஏறியதும் பாக்டீரியா எழுந்து கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, அப்போது வரும் வாயு அது. ஹைட்ரோமீட்டர் எண் அசையாது, புளிப்பு மட்டும் தணியும். துவர்ப்பு ஆப்பிளாக இருந்தால் லேசாகக் குதிரை லாய வாசம்கூட வரலாம், மேற்கு மாவட்டக்காரர்கள் அதைத் தேடிக் குடிப்பார்கள். பாட்டிலில் அடைத்திருந்தால் மட்டும் ஒன்றைத் திறந்து நுரை எவ்வளவு என்று பாருங்கள். ஜாடியிலேயே இருந்தால் ஏர்லாக்கில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.